பதினேழாம் இதழின் நாற்பத்தொன்பதாம் பக்கம்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்
காலை 138/88

தினமும் இரண்டு வேளை இரத்த அழுத்தம் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். "வெறும் நம்பர் போதாது. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னும் ரெண்டு வரி எழுதுங்க. எதனால ஏறுதுன்னு பாத்துரலாம்" என்றார். என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது? பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. காலையில் ஷட்டரைத் தூக்குகிறேன், பிறகு இறக்குகிறேன். நடுவில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று யாராவது வருவார்கள். வீட்டில் நான், மனைவி பகவதி, எண்பத்தாறு வயது அப்பா. இதில் எது ஏற்றும்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்
காலை 136/86. மாலை 134/84

இன்று காமிக்ஸ் அலமாரியைத் துடைத்தேன். எனக்கு இருக்கும் ஒரே பைத்தியம் அதுதான். 'பூதவேட்டை காமிக்ஸ்' என்று சிவகாசியில் அச்சாகி, 1983 முதல் மூன்று வருடம் வந்து நின்றுபோனது. மொத்தம் முப்பத்தொரு இதழ். இரண்டே வண்ணம், அதுவும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராது. சிவப்பு மை விலகி, பூதத்தின் கண் முகத்தை விட்டு ஒரு விரல்கடை தள்ளி மிதக்கும். அச்சகத்தின் கோளாறுதான். ஆனால் சிறு வயதில் பார்த்தவனுக்கு, கண் தனியாக வெளியே கிளம்பி நம்மைத் தேடுகிறது என்றே தோன்றும். அந்தக் கண்ணுக்காகத்தான் தலை நரைத்த ஆட்கள் இன்றும் பழைய பேப்பர் கடைகளில் குனிந்து கிடக்கிறோம். அதோடு ஒன்று: புத்தகத்தை மூடினால் பூதம் போய்விடும். மூடினால் போய்விடுகிற பயம் எவ்வளவு சுகமானது என்பது மற்றவர்களுக்குப் புரியாது.

பதினேழாம் இதழ் மட்டும் என்னிடம் பதினொரு பிரதி இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் 'பதினேழு' என்றாலே பாளை சந்திரபோஸ்தான். ஏன் அத்தனை என்று கேட்பவர்களிடம் அட்டை அழகு என்பேன். அட்டை அப்படியொன்றும் அழகில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி
காலை 136/88. மாலை 152/94

மதியம் ஊறுகாய் சாப்பிட்டேன். அதுவாக இருக்கும்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், 'எம்.எம்., தூத்துக்குடி' என்று மட்டும் பெயர் போட்டிருப்பவர், ஒரு படம் அனுப்பியிருந்தார். "வணக்கம் நண்பர்களே. என்னிடம் இதழ் 17 இருக்கிறது. பக்கம் 49-இல் ஒரு கட். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். முழுப் பிரதி வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போட முடியுமா?"

'கட்' என்பது எங்கள் உலகத்தில் கெட்ட வார்த்தை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் போட்டிக் கூப்பனைக் கத்தரித்து அனுப்பிவிடுவார்கள். அதனால் பழைய பிரதி என்றதுமே "கட் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி.

படத்தில் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு சதுர ஓட்டை. பிளேடால் வெட்டியது. ஓரத்தில் ஊதா நிறத்தில் ஏதோ முத்திரை. தெளிவாக இல்லை. ஏழெட்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஆறு பேர் என் பெயரைச் சுட்டி, "அண்ணாச்சி இருக்கக் கவலை ஏன்?" என்று போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, சனி
காலை 148/92

"பதினேழு எல்லாம் பைண்டரிடம் கொடுத்திருக்கிறேன்" என்று பதில் போட்டேன். சட்டென்று வாயில் வந்த பொய். இதைவிட மோசமான பொய்யை நான் சொல்லியிருக்க முடியாது. ஐந்தே நிமிடத்தில் தென்காசி ஆறுமுகநயினார் கூப்பிட்டுவிட்டார். குழுவை நடத்துகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், அதட்டல் அவருடைய பிறவிக் குணம்.

"அண்ணாச்சி, பைண்டிங்குக்கா குடுத்தீய? மிஷின்ல வச்சு மூணு பக்கமும் நறுக்கிருவான்லா! பதினொண்ணையுமா? உங்களுக்கு என்ன, கோட்டி பிடிச்சிருக்கா?"

"இல்ல நயினாரே, சும்மா பெட்டி செய்யதுக்கு அளவு எடுக்கான்..."

"பைண்டர் பேரச் சொல்லுங்க. நானே பேசுதேன்."

சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். உள்ளங்கை ஈரமாகி போன் வழுக்கியது.

ஆகஸ்ட் 12, திங்கள்
காலை 146/92. மாலை 150/94

அப்பாவுக்கு முடி வெட்ட ஆள் வந்தது. அப்பா இருபத்திரண்டு வருடம் வடகரை மாணவர் விடுதியில் வார்டனாக இருந்தவர். சிவனணைஞ்சான் வார்டன் என்றால் பழைய ஆட்கள் இன்றும் எழுந்து நிற்பார்கள். விடுதியை இடித்து எவ்வளவோ காலமாகிறது. அந்தச் சாவிக்கொத்து மட்டும் அவர் இடுப்பில் இருக்கிறது. அதில் முக்கால்வாசிச் சாவிக்குப் பூட்டே உலகத்தில் கிடையாது. மிச்சத்தில் ஒன்று எங்கள் வீட்டுக் கேட் சாவி. பகலிலும் பூட்டியே கிடக்கும் அதைத் திறப்பதும் பூட்டுவதும் அவர்தான். "கறிவேப்பில வாங்கப் போணும்னாலும் மாமாட்ட கை நீட்டணும்" என்று பகவதி புலம்பாத நாள் இல்லை.

நாற்காலியில் சாய்ந்து குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் சாவிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து போனைக் கவிழ்த்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

ஆகஸ்ட் 14, புதன்

மிஷினை எடுத்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்
காலை 154/96

கடை விடுமுறை. புது அரிசி ஒரு மூட்டை வந்து இறங்கியது. பகவதியின் தம்பி ஆசையாக அனுப்பியது. திருப்பி அனுப்பச் சொன்னேன். கோணி அரிசியின் வாசனை எனக்கு ஆகாது, கல்யாணமான நாளிலிருந்து பாக்கெட் அரிசிதான். "மனுசங்க பாம்பப் பாத்துப் பயப்படுவாங்க, பல்லியப் பாத்துப் பயப்படுவாங்க. நீங்க ஒருத்தருதான் அரிசியப் பாத்துப் பயப்படுதீங்க" என்றாள்.

பயம் இல்லை. ஆகாது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு
காலை 156/96

டாக்டர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அவர் நம்பரை மட்டும்தான் பார்க்கிறார்.

எம்.எம். என்றால் மாசானமுத்து. பார்த்த அன்றே தெரியும். முத்திரையும் தெளிவாகத்தான் இருந்தது: வடகரை மாணவர் விடுதி.

1984. நானும் அவனும் ஏழாம் வகுப்பு. அவன் விடுதியில், நான் அதே வளாகத்தில் வார்டன் வீட்டில். பூதவேட்டையில் ஒரு போட்டி வைத்தார்கள்: 'உங்களைப் பயமுறுத்தும் பூதத்தை வரைந்து அனுப்புங்கள்.' மாசானத்துக்கு முதல் பரிசு. பதினேழாம் இதழ், நாற்பத்தொன்பதாம் பக்கம், மேல்பாதி. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் பூதம். ஓங்கிய கையில் ஆறு விரல். வயிற்றில் ஒரு கம்பி ஜன்னல், அதன் பின்னால் ஒரு பையனின் முகம்.

அப்பாவுக்குக் கையில் ஆறு விரல். விடுதியில் ஒரு சாமான் அறை உண்டு. அரிசி மூட்டை அடுக்கிய அறை, ஒரே ஒரு கம்பி ஜன்னல்.

அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மாசானத்தின் வலது மணிக்கட்டு அன்றோடு போனது. உப்பளத்தில் வேலை பார்த்த அவன் அப்பாவும் அம்மாவும் மறுநாள் வந்தார்கள். எல்லோர் முன்னாலும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீ இங்கயே கெடக்குதவன். சொல்லு, நான் எவனையாவது சாமான் ரூம்ல அடைச்சிருக்கேனா?" என்று கேட்டார். நான், "இல்லப்பா. அவன் பொய் சொல்லுதான்" என்றேன். அவனை அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இதழையும் அவன் டிரங்குப் பெட்டிக்குள் எறிந்தார் அப்பா.

அதில் கட் எப்படி வந்தது என்று எனக்கு என்ன தெரியும்? எவனாவது கூப்பனை வெட்டியிருப்பான்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பக்கம் 49-இல் கூப்பன் கிடையாது.

ஆகஸ்ட் 21, புதன்
காலை 158/98. மாலை 164/100

அவனே தனியாகக் குரல் செய்தி அனுப்பிவிட்டான். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். பிறகு இரண்டு முறை கேட்டேன். கேட்டது கேட்டபடி:

"அண்ணாச்சி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். நான் யாருன்னு உங்களுக்கும் தெரியும். சண்டைக்கு வரல. நாப்பது வருசமா அந்தப் புத்தகத்த வச்சிருக்கேன். வெட்டுன ஓரத்துல ஒரு விரல் நுனியும், சாவி வளையம் பாதியும் மிச்சம் இருக்கு. அது நான் வரைஞ்சது இல்ல. அப்போ இன்னொரு பயலும் அதே பூதத்த வரைஞ்சிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். எங்க அப்பா என்னையப் பொய்யன்னு நெனச்சுக்கிட்டே செத்தாரு. அம்மா இருக்கா. கண்ணுல பிரஷர். ஒரு கண்ணு போயாச்சு, மத்ததும் போய்க்கிட்டிருக்கு. அது போறதுக்குள்ள அவளுக்குக் காட்டணும். ஒரே ஒரு போட்டோதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி என்கிறான். அந்தக் காலத்தில் "ஏல போசு" என்பான்.

ஆகஸ்ட் 22, வியாழன்
காலை 160/98

ஒரு பிரதியை எடுத்து, கீழ்ப்பாதியில் இருக்கும் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் போட்டோ எடுத்துப் பார்த்தேன். படம் மட்டும் தெரிந்தால் போதாதா அவனுக்கு? இன்னொருவன் இருந்தான் என்பதுதானே வேண்டும்? எவன் என்று எதற்கு?

பின்னால் பகவதி நிற்பது தெரியவில்லை.

"யாரு பேர மறைக்கீங்க?"

"அச்சு சரியா விழல. அத..."

"ரெண்டு வாரமா நீங்க சரியில்ல. மிஷின் காட்டுத நம்பர நானும் பாக்கேன். போன் வந்தா வேர்க்குது. கடன் கிடன் வாங்கியிருக்கீங்களா?"

"இல்ல."

"பொம்பளையா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு போதாதா ஒரு புத்தகத்துக்கு? பதினொண்ணு எதுக்குன்னு இருவது வருசமா கேக்கேன். ஒரு நாளும் நேரா பதில் சொன்னதில்ல" என்று போய்விட்டாள்.

போட்டோவில் என் கட்டைவிரல் நகம் பெரிதாக விழுந்திருந்தது. அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

நாளை காலையில் பகவதி குலசேகரன்பட்டினம் கோயிலுக்குப் போகிறாள். அப்பா பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்குத்தான் எழுந்திருப்பார். கொல்லையில் வைத்து எரித்துவிடலாம். பதினொன்றையும். சேகரிப்பவன் கையால் காமிக்ஸை எரிப்பது கேவலம்தான். குழுவில் எல்லாம் கரையான் அரித்துவிட்டது என்று சொன்னால் ஒரு வாரம் துக்கம் விசாரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். வேறு யாரிடமாவது முழுப் பிரதி இருந்தால்? இருக்காது. இருந்ததையெல்லாம்தான் நான் வாங்கிவிட்டேனே.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மிஷின் மூன்று முறை பிழை என்று காட்டியது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பத்தரைக்குக் கொல்லையில் பழைய வாளியில் காகிதம் போட்டுப் பற்றவைத்தேன். புத்தகங்களைத் துணி துவைக்கும் கல்லில் அடுக்கியிருந்தேன். முதல் பிரதியை உறையிலிருந்து எடுக்கும்போது சாவிச் சத்தம். திரும்பினால் பின்வாசலில் அப்பா, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு.

"என்னல எரிக்க?"

"பழைய பேப்பருப்பா."

"கொண்டா."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அவரால் நான்கு படி இறங்க முடியாது. ஓடிப் பிடிக்க முடியாது. "இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் படியேறிப் போய்க் கொடுத்தேன்.

நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். எத்தனையோ முறை பிரித்த பக்கம் என்பதால் புத்தகம் தானாகவே நாற்பத்தொன்பதில் திறந்துகொண்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேல் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கோபமே இல்லை முகத்தில். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் மாதிரி சொன்னார்:

"விரலு எனக்கு இடது கையிலயில்லா? அடிக்குத கையில போட்டிருக்கான். தப்பா வரைஞ்சிருக்கான் பய."

பிறகு கீழ்ப்படத்துக்கு வந்தார். அதில் பூதம் உட்கார்ந்திருக்கும். இடது கை தொடைமேல், அதில் ஆறு விரல். வயிற்று ஜன்னலுக்குப் பின்னால் பையனும் மூட்டைகளும்.

"இது சரியா இருக்கு. யாருல வரைஞ்சது?"

கீழே இருந்த எழுத்தை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஊக்கப் பரிசு. சி. சந்திரபோஸ், வடகரை மாணவர் விடுதி." அதற்கடியில் ஆசிரியர் போட்டிருந்த குறிப்பையும் படித்தார். "ஒரே விடுதியிலிருந்து இரண்டு தம்பிகள் ஒரே பூதத்தை வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். இருவரும் கூட்டணியோ?"

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் கையை ஓங்கவில்லை. வலது தோளில் வாதம் வந்து மூன்று வருடமாகிறது, ஓங்கவும் முடியாது. ஆனால் நான் குனிந்து பார்த்தபோது என் வலது கை உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீண்டிருந்தது. நான் நீட்டவில்லை. அதுவாகவே நீண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

அவர் அந்தக் கையில் புத்தகத்தை வைத்துவிட்டு, "காப்பி போடச் சொல்லு" என்று உள்ளே போனார். வீட்டில் காப்பி போட யாரும் இல்லை. வாளியில் நெருப்பு தானாகவே அணைந்துவிட்டது.

ஆகஸ்ட் 26, திங்கள்
காலை 162/98

விடுதிக்கு வரும் தபாலைப் பிரிப்பது அப்போது என் வேலை. பரிசு பெற்றவர்களுக்கான பிரதி வந்த அன்று முதலில் பார்த்தவன் நான். நாங்கள் கூட்டணியெல்லாம் இல்லை. அவன் அனுப்பியது எனக்குத் தெரியாது, நான் அனுப்பியது அவனுக்குத் தெரியாது. அவன் அந்த அறையில் இருந்த அதே வாரத்தில்தான் நானும் இருந்தேன், வேறொரு நாள். அப்பாவின் சவர பிளேடை எடுத்து என் படத்தை வெட்டினேன். அவன் படத்தையும் வெட்டியிருக்கலாம். ஒரே பக்கம், ஒரே பிளேடு. இன்னும் நாலு விரல்கடை மேலே போயிருந்தால் போதும். அன்று எனக்கு என்னைப் பற்றிய பயம்தான் இருந்தது. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

இதுதான். இதை மறைக்கத்தான் பதினொன்று.

பகவதியிடம் இந்த நோட்டைக் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தாள். வந்து, "போட்டோ வேண்டாம். நேர்ல வரச் சொல்லுங்க" என்றாள்.

செய்தி அனுப்பினேன்: "முத்து, கடைக்கு வா. அம்மாவையும் கூட்டிட்டு வா. அந்தப் பயல காட்டுதேன்."

ஆகஸ்ட் 29, வியாழன்
காலை 168/102

பதினோரு மணிக்கு வந்தார்கள். காலையிலிருந்து மூன்று முறை கழிவறைக்குப் போய்விட்டேன். வந்த வாடிக்கையாளரிடம் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் வெயில் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன்.

மாசானம் ஒல்லியாக, வழுக்கையாக இருந்தான். பையை இடது கையால் பிடித்திருந்தான். அவன் அம்மா என் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்துக் கும்பிட்டார். மகன் யாரிடம் கூட்டிவந்திருக்கிறான் என்று அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

உட்காரவைத்து, வலது கண்ணுக்குச் சோதனை ஃப்ரேமில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஒன்றில் "இது கொள்ளாம் தம்பி" என்றார். விளக்கை இழுத்து முழுப் பிரதியை அவர் மடியில் விரித்தேன். மேல் படத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது இவன் கிறுக்குனது. இதாலதான் எல்லாம்." விரல் கீழே இறங்கியது. "இங்கயும் ஒண்ணு இருக்கே. இது எவன் வரைஞ்சது?"

மாசானம் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"நான்தாம்மா வரைஞ்சேன்" என்றேன். அவர் பக்கம் குனிந்து மறுபடி சொன்னேன். "நான் வார்டன் மகன். அன்னைக்கு உங்க முன்னால அவன் பொய் சொல்லுதான்னு சொன்னேம்லா, அந்தப் பய. அவன் சொன்னது நெசம். நானும் அந்த ரூம்ல கெடந்திருக்கேன். இத நான்தான் வெட்டி எடுத்தேன், அவன மட்டும் மாட்டிவிட்டுட்டேன்."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் பெரிதாகத் தெரிந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கையை நீட்டித் துழாவி மகனின் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏல முத்து... கை ஒடிஞ்சு வந்த புள்ளைய, பொய் சொன்னேன்னு நானும் உங்க அப்பனும் சேந்துல்லால அடிச்சோம்."

"விடும்மா."

"அந்தக் கையிலயேல்லால அடிச்சோம்."

"விடும்மா. ஆள் வாராவ."

யாரும் வரவில்லை. நான் மேசையறையிலிருந்து ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தேன். நாற்பது வருடமாக அதற்குள் இருந்த சதுரத்தை மாசானத்திடம் கொடுத்தேன். தன் பிரதியைப் பையிலிருந்து எடுத்து ஓட்டையில் வைத்துப் பார்த்தான். அவன் பக்கம் பழுத்துப் பழுப்பாகியிருந்தது, என் துண்டு மட்டும் வெளுப்பாக இருந்தது. ஒட்டித் தரவா என்று கேட்டேன்.

"வேண்டாம். செல்லோடேப் போட்டா மதிப்பு போயிரும்லா" என்றான். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. முழுப் பிரதியை வைத்துக்கொள் என்றதற்கு, "என் காப்பி இதுதான்" என்றான்.

எழுந்திருக்கும்போது அந்த அம்மா கேட்டார். "உங்க அப்பா இருக்காவளா?"

"இருக்காவ."

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரேன். கண்ணு தெரியும்போதே அவுக மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்தை கேக்கணும்."

பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 31, சனி
காலை 166/100. மாலை 170/102

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். இரண்டு முறையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். பகவதி, "நான் சொல்லட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

நாற்பத்தொன்பதாம் பக்கத்தை முழுசாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கீழே, "இரண்டும் உண்மை" என்று எழுதினேன். ஆறுமுகநயினார், "பைண்டர் நறுக்கவில்லையே, தப்பித்தது" என்று போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆட்டோ வந்தது. அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யாருல அது?" என்றார்.

"மாசானமுத்துவும் அவுக அம்மாவும். உங்களப் பாக்க வந்திருக்காவ."

அவருக்கு நினைவிருந்தது. முகத்தில் தெரிந்தது. "கேட்டைத் திறக்காத" என்று சொல்லி இடுப்பில் கையை வைத்துச் சாவிக்கொத்தை மூடிக்கொண்டார். ஆறு விரல். வெளியே அந்த அம்மா வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மாசானம். கம்பிக்குப் பின்னால் அவர்கள் முகம்.

என் கால் நடுங்கியது. அதை மறைக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன். நடுங்கிக்கொண்டேதான் போய் அவர் முன்னால் குனிந்தேன். அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். லேசாக இருந்தன. கயிற்றின் முடிச்சை அவிழ்த்துச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.